மனசு ஒட்டாத டிசம்பரில் நன்றி சொல்வது எப்படி?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், இப்போது சென்னையில் வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அப்பா ஆகஸ்டில் தவறிவிட்டார். டிசம்பர் பிறந்ததும் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்குகிறது, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்குத் தேதி சொல்லிவிட்டார்கள், பிள்ளைகள் புதுத்துணி எப்போது எடுப்போம் என்கிறார்கள். இவருக்கோ கோயிலுக்குப் போய் உட்கார்ந்தாலும் எதுவும் மனசில் ஒட்டவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் பண்ணு”, அதாவது எது நடந்தாலும் கர்த்தருக்கு நன்றி சொல்லு, என்கிறார்கள். வாய் வரவில்லை, விசுவாசம் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது, தினப்படி வாழ்க்கையில் இதையெல்லாம் எங்கிருந்து பிடிப்பது என்பதுதான் கேள்வி. கூடவே மூன்று சின்னக் கேள்விகள்: இந்த வருடம் பலகாரம் சுடலாமா, நட்சத்திரம் போடலாமா, 25ஆம் தேதி ஆராதனைக்குப் போகாவிட்டால் தப்பா.

ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே வயதானவள் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றி உணர்வு முதலில் வரட்டும், அப்புறம் நன்றி சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் நன்றி என்பது கையாலும் வாயாலும் செய்கிற ஒரு வேலையாகத்தான் இருந்து வந்திருக்கிறது. மனசு பின்னால் வரும். சில வருடம் வராது, அப்போதும் கை அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கலாம், அதையும் விசுவாசம் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் இந்த மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிசம்பர் ஒன்றாம் தேதியே கிறிஸ்மஸ் வந்துவிட்டதாகக் கடைக்காரர்களும் வாட்ஸப் குழுக்களும் நமக்குச் சொல்கின்றன. சபைக் காலண்டரில் அப்படி இல்லை. 25க்கு முந்தின நாலு ஞாயிறும் அட்வென்ட், அதாவது காத்திருக்கிற காலம். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வருகிற ஞாயிறில் அது ஆரம்பிக்கும். பீடத்தில் ஊதா நிறம் போட்டிருப்பார்களே, ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து காலத்திலும் அதே நிறம்தானே போடுகிறோம்? கொண்டாட்டத்துக்கு வெள்ளை, அது 25ஆம் தேதிதான் வரும். அப்புறம் கிறிஸ்மஸ் ஒரு நாளில் முடிந்தும் விடுவதில்லை, ஜனவரி 6 வரைக்கும் போகிறது. அதனால் டிசம்பர் முதல் வாரத்தில் உங்களுக்குச் சந்தோஷம் வரவில்லை என்றால் நீங்கள் பண்டிகையிலிருந்து விலகிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை, காலண்டர் எந்த இடத்தில் நிற்கிறதோ அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பழைய ஜெபப் புத்தக முறைப்படி அட்வென்ட் மூன்றாம் ஞாயிறுக்குக் குறித்திருக்கிற சுவிசேஷப் பகுதி மத்தேயு 11. யோவான் ஸ்நானன் காவலில் கிடக்கிறார். யோர்தான் கரையில் நின்று இவர்தான் வருகிறவர் என்று ஊருக்கே கைநீட்டிக் காட்டின அதே ஆள், இப்போது சிறையிலிருந்து சீஷர்களை அனுப்பி “வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?” என்று கேட்கிறார். கிறிஸ்மஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஊரே கேக்குக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், சபை இந்தப் பகுதியை எடுத்து எல்லார் முன்னாலும் வாசிக்கிறது. இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. நீங்கள் கண்டதையும் கேட்டதையும் போய் யோவானுக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டு, அவர்கள் போன பிறகு கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை என்கிறார். சந்தேகப்பட்டுக் கேட்டவருக்கு அந்தப் பேர் கிடைத்தது, அதுவும் கேட்ட அன்றைக்கே. உங்கள் சந்தேகத்தை நீங்கள் வெளியே சொன்னதற்காக யாராவது முகம் சுளித்தால் இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

அடுத்து அந்த வசனம். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்.” 1 தெசலோனிக்கேயர் 5:18. இதைத் துக்க வீட்டில் வந்து எடுத்து வீசுகிறவர்கள் மேல் எனக்கு உள்ளபடியே கோபம் உண்டு. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்கிறார்கள், அது புரிகிறது. ஆனாலும் அந்த நிருபத்தை ஒருமுறை முழுசாக வாசித்தவர்கள் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். அஞ்சே அதிகாரம், அரைமணி நேரம்கூட ஆகாது. பவுல் எழுதினவற்றிலேயே ரொம்பப் பழையவற்றில் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 50. அது யாருக்குப் போன கடிதம்? தங்களில் சிலர் செத்துப்போன துக்கத்தில், அவர்கள் கதி என்ன ஆகுமோ என்று கலங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சபைக்கு. நாலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் அந்தத் துக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார். அப்புறம் ஐந்தாம் அதிகாரத்தில், ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்பதற்கு நாலே வசனம் முன்னால், “திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்” என்று எழுதியிருக்கிறார். உங்களிடம் 18ஆம் வசனத்தைச் சொல்ல வருகிறவர் முதலில் 14ஆம் வசனத்தைச் செய்துவிட்டு வரட்டும். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

வாய் வரவில்லை என்கிறீர்கள். சரி, வருகிற வார்த்தையில் ஆரம்பியுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பித்து, எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் “கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்” என்று முடிகிறது. ஒரே மனுஷன், ஒரே ஜெபம். முதல் வசனத்தைச் சொல்லாமல் யாரும் கடைசி வசனத்துக்குத் தாண்டிப் போகவில்லை. இன்றைக்கு உங்களால் முதல் இரண்டு வசனம்தான் சொல்ல முடிகிறது என்றால் அதைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, கையால் செய்கிற காரியத்துக்கு வருகிறேன். பிடியரிசி உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன், உங்கள் ஆச்சி காலம் வரை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அது இல்லாத அடுப்படி குறைவு. எங்கள் அம்மா சோற்றுக்கு அரிசி அளந்து சுளகில் போடுவார்கள். களைவதற்கு முன்னால், அந்த அளந்த அரிசியிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புப் பக்கத்தில் இருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போட மாட்டார்கள், அன்றைக்கு நாங்கள் சாப்பிடப் போகிற அரிசியில்தான் அந்தக் கை குறையும். எடுக்கும்போது உதடு அசையும், என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்டதில்லை. நல்ல நாளிலும் போட்டார்கள், வீட்டில் சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாளிலும் போட்டார்கள். டப்பா நிறைந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பையோடு வந்து வாங்கிப் போவார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் ஆரம்பித்த இந்திய மிஷனெரி சங்கத்தை நம் ஆட்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் சொந்தக் காணிக்கையில் நடத்த வேண்டும் என்று நின்றார்களே, அந்தக் காணிக்கை பெரிய இடத்திலிருந்து வந்ததைவிட இந்த மாதிரி அடுப்படிகளிலிருந்து வந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மிசோரம் சபைகளில் இதே பழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, இன்றைக்கும் வீடு வீடாக அரிசி சேர்க்கிறார்கள். காஞ்சி மடத்துப் பெரியவர் சொல்லி இந்து வீடுகளிலும் பிடியரிசி எடுத்து வைத்தார்கள். யார் வீட்டில் நடந்தாலும் காரியம் ஒன்றுதான், நாம் சாப்பிடுவதற்கு முன்னால் இன்னொருவர் சாப்பாட்டை நினைப்பது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு உணர்ச்சி வேண்டாம், வார்த்தைகூட வேண்டாம். குக்கரில் வைக்கிற அரிசிதானே, இன்றைக்கே ஒரு டப்பாவை எடுத்து ஆரம்பியுங்கள். ஒரு கைப்பிடி என்பது சுமார் 50 கிராம், ஒரு மாதம் போட்டால் ஒன்றரைக் கிலோ. பிள்ளைகளைப் போடச் சொல்லாதீர்கள், அவர்கள் பார்க்கிற மாதிரி நீங்கள் போடுங்கள், பெரும்பாலும் ரெண்டாவது வாரம் அவர்களே டப்பாவைத் திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வருடக் கடைசியில் அதோடு கொஞ்சம் பருப்பும் எண்ணெயும் சேர்த்து, உங்களுக்கு முகம் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். நம் அடுக்குமாடி வாட்ச்மேன் வீடாகவும் இருக்கலாம், மேல்வேலை செய்கிற அம்மா வீடாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு இல்லத்துக்கு ஆன்லைனில் பணம் அனுப்புவதைத் தப்பென்று சொல்லவில்லை, அதுவும் வேண்டியதுதான், ஆனால் இது வேறே.

ராத்திரி ஜெபத்துக்கு வருகிறேன். குடும்ப ஜெபம் நம் வீடுகளில் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். “இந்த நாள் முழுவதும் காத்து நடத்தினீரே, போக்கிலும் வரத்திலும் கூட இருந்தீரே” என்று வாய் ஒரு பக்கம் ஓடும், மனசு நாளைக்கு லஞ்ச் பாக்ஸில் என்ன வைப்பது என்று ஓடும். அந்த வார்த்தைகள் நல்ல வார்த்தைகள்தான், அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு ஒரே ஒரு காரியத்தைச் சேருங்கள், அன்றைக்கு உங்களுக்கு ஒத்தாசை செய்த ஒருவர் பேரைச் சொல்லி, அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் எதற்கு நன்றி சொல்கிறாய் என்று கேட்டால் “சாப்பாட்டுக்கு, வீட்டுக்கு, அம்மா அப்பாவுக்கு” என்று மனப்பாடமாக வரும். இன்றைக்கு உனக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் ஒரு அக்கா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் என்பான். பென்சில் உடைந்துபோச்சு, பக்கத்திலிருக்கிறவன் கொடுத்தான் என்பாள். அதைக் கர்த்தரிடம் சொல்லி முடித்துவிட்டால் ஜெபம் முடிந்தது. கத்தோலிக்கர்களின் இயேசு சபையை ஆரம்பித்த லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் தம் ஆட்களுக்குக் கொடுத்த ஆன்மச் சோதனை முறையிலும் முதல் படி, பாவங்களை எண்ணுவதற்கும் முன்னால், பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான். நம் சபைக்கும் அவர்களுக்கும் எத்தனையோ வித்தியாசம் இருக்கலாம், இந்த வரிசை சரியான வரிசை.

பேர் சொல்லி நன்றி சொல்வதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தண்ணீரில் மாட்டினார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று போய், அதில் இருந்த நூற்றுக்கணக்கான பேருக்குப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீடுகளைச் சுற்றியும் தண்ணீர்தான். அதற்கு அடுத்த வாரம் கிறிஸ்மஸ். அந்த வருடம் எங்கள் பக்கத்து ஜெபங்களில் “போக்கிலும் வரத்திலும்” என்கிற பொதுவான ஸ்தோத்திரம் குறைந்து, மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டதற்காக, கழுத்தளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்த பையனுக்காக, மூணாவது நாள் வந்த கரண்டுக்காக என்று ஸ்தோத்திரங்கள் வந்தன. பாதி வீடுகளில் மெத்தையும் பாடப் புத்தகமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, நஷ்டம் நஷ்டமாகத்தான் இருந்தது, யாரும் அதைச் சின்னதாக்கிப் பேசவில்லை. ஆனால் ஒருத்தர் செய்த காரியத்தைப் பேர் சொல்லிச் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கும் “ஆமா, கைவிடப்படவில்லை” என்று தோன்றியது. கடவுள் நம்மைக் காப்பாற்றுகிறார் என்பதை நாம் பெரும்பாலும் இன்னொருவர் கை வழியாகத்தானே பார்க்கிறோம்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் அப்பா கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட ஒரு நர்ஸ் இருப்பார், இல்லையென்றால் படுக்கையை மாற்றிப்போட்ட ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளின அண்ணன், ஆம்புலன்ஸ் டிரைவர். துக்க வீட்டு அவசரத்தில் அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள், யார் வீட்டிலும் அந்த நேரத்தில் முடியாது. கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் போய், அவர்களில் ஒருவரையாவது பார்த்துச் சொல்லுங்கள். பொதுவாக தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், அன்றைக்கு ராத்திரி அப்பா தண்ணீர் கேட்டபோது நீங்கள் உதட்டில் பஞ்சு நனைத்து வைத்தீர்களே, அதை நான் பார்த்தேன், என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான், அவன் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று கதையில் இல்லை, ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார், போய்க்கொண்டிருந்தார்கள், வீட்டுக்குப் போகிற அவசரம் இருந்திருக்கும். திரும்பி நடந்து வருவதற்கு ஒருவன் தன் நேரத்தைக் கொடுத்தான். அந்த வார்டுக்குத் திரும்பிப் போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலோடு நின்று ஆளை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாலும் போதும், அதுவும் முடியாது என்றால் ஒரு போன்.

விசுவாசம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றீர்களே, அதற்கு நான் உங்களை அனுப்ப விரும்புகிற இடம் பிரசங்கம் இல்லை, உங்கள் அப்பாவுடைய வேதப்புத்தகம். அது அம்மாவிடம் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். நம் அப்பாமார் வேதப்புத்தகத்தில் என்னென்ன இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? முன்பக்க வெள்ளைத் தாளில் கல்யாணத் தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், பெற்றவர்கள் மரித்த நாள். உள்ளே சிவப்பு மையிலும் பென்சிலிலும் கோடு போட்ட வசனங்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு தேதியும் ஒரு வார்த்தையும், “ஆப்பரேஷன்” என்றோ “வேலை” என்றோ “கடன்” என்றோ. நடுவில் வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வசனம் அச்சடித்த பழைய வாக்குத்தத்த அட்டைகள், மடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை, யாரோ ஒருவருடைய அடக்க ஆராதனைத் தாள். இதை ஒரு வாசிப்புத் திட்டம் மாதிரி முதலிலிருந்து வாசிக்க வேண்டாம். கோடு போட்ட இடங்களை மட்டும், தேதி இருக்கிற இடங்களை மட்டும், தினம் ஒன்றாக இந்த அட்வென்ட் முழுக்க வாசியுங்கள். அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்களுக்குத் தெரியாமல் அவர் பயந்த பயமும், கேட்ட உதவியும், அது வந்துசேர்ந்த விதமும் அந்த ஓரங்களில் இருக்கும். சில தேதிகளுக்குப் பதில் வந்திருக்காது, அதையும் பார்ப்பீர்கள், அப்படியும் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசித்திருக்கிறார். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி எபெனேசர் என்று பேரிட்டு, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்றானே, அந்த ‘இம்மட்டும்’ வரைக்கும்தான் எந்த விசுவாசியாலும் நிச்சயமாகச் சொல்ல முடியும். இனிமேல் நடக்கப் போவதை யாரும் பார்த்ததில்லை, நடந்ததை நினைத்துக்கொண்டு அடுத்த அடி வைக்கிறோம். உங்கள் விசுவாசம் இந்த வருடம் மெலிந்திருந்தால் அப்பாவுடையதைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பலகாரம். செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம் என்பது நம் ஊர் வழக்கம், விசுவாசிகளுக்கு இது எதற்கு என்று சில போதகர்கள் சொல்வார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தானே நாம். ஆனாலும் அந்த வழக்கத்துக்குள் ஒரு பெரிய கருணை இருக்கிறது. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து, உடைத்து, பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கை பொறுக்கப் பொறுக்க உருண்டை பிடித்து, மாவில் தோய்த்துச் சுடுவது என்பது நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு செய்கிற வேலை. தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. அதனால் இந்த வருடம் மற்றவர்கள் கொண்டுவருவார்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சித்தி அச்சுமுறுக்கு அனுப்புவாள், பக்கத்து ஃபிளாட்டு இந்து மாமி தீபாவளிக்கு நீங்கள் தட்டு வாங்கினதை நினைத்து ஏதாவது செய்து எடுத்து வருவார், எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து பிரியாணி வரும். ஐயோ எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். கொடுத்தே பழகின கைக்கு வாங்குவது கஷ்டம், அதுவும் நம் பெண்களுக்கு ரொம்பவே கஷ்டம். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்க மனசு வராமல் அதில் நாலு வாழைப்பழம் வைப்போமே, அந்தமட்டுக்கு இந்த வருடம் போதும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துவிடுங்கள், தாத்தா இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார். நகையை வைத்தோ கார்டைத் தேய்த்தோ எடுக்க வேண்டாம், ஜனவரியில் வருகிற தவணை துக்கத்தை இன்னும் பாரமாக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ் ஆட்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று உங்களுக்கு யோசனை இருக்கலாம். வரட்டும் என்பேன். கிறிஸ்மஸ் தாத்தாவும் டிரம்ஸும் ஆட்டமும் வேண்டாம், அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றை மட்டும் பாடிவிட்டு ஜெபம் பண்ணிப் போங்கள் என்று முன்கூட்டியே அந்தத் தம்பிமாரிடம் சொல்லிவிடுங்கள். நம் பையன்கள் இதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து, குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாமலே கிறிஸ்மஸ் வந்தது. அந்த ஊர்களில் கொண்டாட்டம் இல்லை, ஆனால் ஆராதனை இருந்தது. 2004இல் சுனாமி வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வேளாங்கண்ணியிலும் குளச்சல் பக்கத்திலும் நேற்றுப் போட்ட புதுத்துணியோடு போனவர்கள் எத்தனை பேர். அந்த ஜனங்கள் எல்லாம் அதற்கு அடுத்த டிசம்பரிலும் கோயிலுக்குப் போனார்கள். எப்படிப் போனார்கள் என்று கேட்டால் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. மணி அடித்தது, போனோம் என்பார்கள். நான் மேலே கை, வாய், அப்புறம் மனசு என்று சொன்னது இதைத்தான்.

31ஆம் தேதி ராத்திரி ஆராதனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் 25ஐவிட அந்த ராத்திரிதான் துக்கத்தில் இருக்கிறவர்களைப் போட்டு ஆட்டும். அப்பா இருந்த வருடம் முடிந்து அவர் இல்லாத வருடம் பிறக்கிற நிமிஷம் அது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணன் தம்பி ஊரில் இருந்தால் அங்கேயே போய்விடுவது இன்னும் நல்லது. வாக்குத்தத்த அட்டை எடுப்பீர்கள். அதில் வருகிற வசனத்தைக் கிளி ஜோசியச் சீட்டு மாதிரி பார்க்காதீர்கள், ‘பெருகப்பண்ணுவேன்’ என்று வந்தால் சம்பளம் உயரும் என்றும், வேறு ஏதோ வந்தால் ஆபத்து என்றும் பயந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மனசில் வைத்துச் சிந்திக்க ஒரு வசனம், அவ்வளவுதான். மேய்ப்பர்கள் வந்து சொன்னதையெல்லாம் மரியாள் “தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்” என்று லூக்கா எழுதுகிறார், அவளுக்கும் அன்றைக்கே எல்லாம் விளங்கிவிடவில்லை.

பிள்ளைகள் முன்னால் அழலாமா என்று வருத்தப்பட வேண்டாம். அம்மா அழுதுகொண்டே ஜெபம் பண்ணினாள் என்று பிள்ளைகள் நினைவு வைத்துக்கொண்டால் அவர்களுக்கு அது நல்லதுதான், பெரியவர்களானபின் அவர்களுக்கும் ஒரு ஆகஸ்ட் வரும்.

நட்சத்திரம் போடுங்கள். ஊதா நிறம் மாதிரி அதுவும் காத்திருக்கிறவர்களுக்கானதுதான், குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் அதைப் பின்தொடர்ந்து நடந்தபோது இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பெரிசாகச் சீரியல் செட்டெல்லாம் வேண்டாம், போன வருடத்துக் காகித நட்சத்திரம் கிழியாமல் இருந்தால் அதையே பல்பு மாற்றிப் பால்கனியில் கட்டச் சொல்லுங்கள், மழைக்காலம், வயர் ஜாயிண்டில் டேப் சுற்றினதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

25ஆம் தேதி ஆராதனை. போகாவிட்டால் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் போவது நல்லது என்றுதான் சொல்வேன். விடியற்காலை ஆராதனைக்குப் போங்கள், கூட்டம் முழுசாகச் சேர்வதற்குள் உட்கார்ந்துவிடலாம், வெளிச்சம் வருவதற்குள் முடிந்தும் விடும். கடைசி வரிசையில் கதவோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள், தாங்க முடியவில்லை என்றால் எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பாட்டுக்கு வாய் வராவிட்டால் சும்மா இருங்கள், மற்றவர்கள் பாடுகிறார்களே, சபை என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே. முடிந்ததும் வாசலில் எல்லாரும் கைகொடுத்து ஹேப்பி கிறிஸ்மஸ் என்பார்கள். அது முடியாது என்று தோன்றினால் கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அப்படியே அம்மாவுக்குப் போன் போட்டு அவர்கள் காபி குடித்தார்களா என்று கேளுங்கள், அவர்களுக்கும் இது முதல் கிறிஸ்மஸ்.